வெள்ளாற்றங்கரையில் படித்தவர்களைத் தேடி ஐந்து நாள்

மே 12, 2025, திங்கள் – மரக்காணம்

எங்கள் பழைய மாணவர் மலருக்காக, 'இப்போது என்ன செய்கிறீர்கள், ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்' என்று பிப்ரவரியிலேயே எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பிச் சொல்லியிருந்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், அதாவது சிதம்பரத்தில் இல்லாமல் பறங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறதே, அங்கே படித்தவர்கள் நாங்கள். வந்தது பதினொரு பக்கம். பதினொன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி: எந்த வருடம் முடித்தேன், என்ன பதவியில் ஓய்வு பெற்றேன், பையன் டல்லாஸ், பெண் பெங்களூரு. படித்து முடித்ததும் மனசு சப்பென்று ஆகிவிட்டது. இவர்களை எனக்குத் தெரியும், இவ்வளவுதானா இவர்கள்? பள்ளிக்கூட விடுமுறைதானே, நேரில் போய்க் கேட்டு நானே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அக்னி நட்சத்திரத்தில் கிளம்பாதே என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

முதல் நாளே சித்ரா பௌர்ணமி. அதை யோசிக்கவே இல்லை. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கண்ணில் பட்ட வண்டியெல்லாம் திருவண்ணாமலைக்குப் போனது, கிரிவலக் கூட்டம் படியில் தொங்கியது, திண்டிவனம் பக்கம் போகிற வண்டிக்கு இரண்டு மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி தன் பையில் இருந்த வெள்ளரிப்பிஞ்சை இரண்டாக ஒடித்து, கேட்காமலே ஒரு பாதியை என் கையில் வைத்தார். திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு டவுன் பஸ், பெண்கள் டிக்கெட் வாங்க வேண்டாம். உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் கண் கூசியது.

89 பேட்ச் அண்ணன் கடற்கரையோரம் ஓர் இறால் ஹேச்சரியில், அதாவது இறால் குஞ்சு பொரிப்பகத்தில் மேனேஜர். உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றி பெர்மாங்கனேட் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னார், பாதம் இரண்டும் ரோஸ் நிறமாகிவிட்டது. ஒரு தொட்டியிலிருந்து கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பார்த்தால் கண்ணிமை மயிர் அளவில் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுப்புக் கண். "நீரோட்டத்துக்கு எதிரா நீந்துது பாரு, அதான் நல்ல குஞ்சு," என்றார். சொல்லிக்கொண்டே குவளையை மெல்லச் சுழற்றினார். நடுவில் சுழி விழுந்தது, குஞ்சுகள் எல்லாம் அதை எதிர்த்து ஓரத்தில் நின்றன.

இவர் அனுப்பிய பக்கத்தில் 1995க்கும் 2010க்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லை. சாப்பிடும்போது கேட்டேன். தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, ஜூன் 14 வரை இப்படித்தான், அதனால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அண்ணி இரண்டாம் தரம் குழம்பு ஊற்றும்போதுதான் அவர் ஆரம்பித்தார். 93இல் நெல்லூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் டெக்னீஷியனாக 6,500 ரூபாய் சம்பளம், அந்தக் காலத்தில் அது பெரிய பணம். டைகர் இறால் தங்கம் விலை போன சமயம். 94 கடைசியில் ஒருநாள் காலையில் குட்டையின் கரையோரமாக இறால்கள் வந்து ஒதுங்கின, ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. மூன்றே நாளில் குட்டை முழுக்கச் செத்துவிட்டது. "முதலாளி ஒண்ணும் பேசலம்மா. பிளீச்சிங் பவுடர் மூட்டைய எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு." அடுத்து 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கடல் அலை ஏறுகிற உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி. அதன்பின் இவர் வேலூரில் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசல்களில் நின்றது பதிமூன்று வருடம். 2009இல் வெனாமி என்கிற வெளிநாட்டு இறாலுக்கு அனுமதி கொடுத்தார்கள், அடுத்த வருடமே பழைய முதலாளியிடமிருந்து போன் வந்தது. இப்போது அமெரிக்க இறக்குமதி வரிப் பேச்சு ஏப்ரலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, குஞ்சு வாங்குகிறவர்கள் தயங்குகிறார்கள் என்று கவலையோடுதான் இருக்கிறார்.

நான் 96 பேட்ச். நாங்கள் வெளியே வந்த வருடம்தான் அந்தத் தீர்ப்பு. பதினான்கு பேரில் ஐந்து பேருக்குக் கையில் இருந்த வேலை காற்றில் போனது, அதில் நானும் ஒருத்தி. அப்படித்தான் பி.எட். படித்து ஆசிரியை ஆனேன். அந்த ஆற்றாமை எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

"அந்தப் பதிமூணு வருஷத்தை எழுதாதம்மா," என்றார் கிளம்பும்போது. எழுதத்தான் வந்தேன் அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, சரி, மருந்துக் கம்பெனி பேரை மட்டும் போடாதே என்றார்.

மே 13, செவ்வாய் – சிதம்பரம்

காலையில் புதுச்சேரி வழியாகச் சிதம்பரம். மேல வீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கொத்சும், 50 ரூபாய். சுட்ட கத்தரிக்காயை மசித்துப் புளிவிட்ட அந்தக் கொத்சு மற்ற ஊரில் செய்தால் ஏனோ இந்த மணம் வருவதில்லை. சர்வர் தம்பி இரண்டாவது கரண்டி ஊற்றிவிட்டு, "அக்கா எந்த வருஷம்?" என்றான். பையோடு வருகிற ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோரும் இங்கே பழைய மாணவர்கள்தான் போலிருக்கிறது. 1929இல் ஆரம்பித்த பல்கலைக்கழகம், கணக்குப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பழக்கமாகத்தான் இருக்கும்.

அண்ணாமலை நகருக்குப் போகிற வழியில் ராஜேந்திரன் சிலையருகே இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டம், போலீஸ் சுட்டதில் இறந்த மாணவர். படிக்கும் காலத்தில் எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒருநாள்கூட நின்றதில்லை.

இன்றைக்கு நின்றதற்குக் காரணம், பார்க்கப் போன 68 பேட்ச் சார். 79 வயது. அன்றைக்கு அவரும் இங்கே பி.எஸ்சி. மாணவர். அதைப் பற்றிக் கேட்டதும் டவராவைக் கீழே வைத்துவிட்டு, "ஓடினோம்மா. யாரு விழுந்தான்னே அப்ப தெரியல," என்றார். மேலே கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் அனுப்பிய பக்கத்தில் 'கொச்சி, கோவா, ஓய்வு' என்று மூன்றே சொல். உட்கார்ந்து பேசியபோது மாலை ஆறரை ஆகிவிட்டது. அறுபதுகளின் முதல் பாதியில் பல நாட்டுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடல் முழுக்க வலைபோட்டு அள்ளிய சின்னஞ்சிறு மிதவை உயிர்கள் பாட்டில் பாட்டிலாகக் கொச்சிக்கு வந்து குவிந்தன, அவற்றைப் பிரிக்கவே 1963இல் அங்கே ஒரு மையம் திறந்தார்கள். பேராசிரியர் சேஷய்யா பறங்கிப்பேட்டையில் வளர்த்துவிட்ட படிப்பைப் படித்துவிட்டு அங்கே போனவர் இவர். வேலை என்ன? ஒரு கண்ணாடித் தட்டு, ஒரு ஊசி, ஒரு நுண்ணோக்கி. கோபிபாட் என்கிற பொடி ஓட்டுயிர் ஒரு பக்கம், அம்புப்புழு ஒரு பக்கம், மீன்முட்டை ஒரு பக்கம். காலையிலிருந்து மாலை வரை, வருடக்கணக்கில். பேசிக்கொண்டே மேசையில் சிந்தியிருந்த சர்க்கரையை ஆள்காட்டி விரல் நகத்தால் ஒவ்வொன்றாக ஒதுக்கி மூன்று குவியலாக வைத்துவிட்டார், தான் செய்வது அவருக்கே தெரியவில்லை. சாரின் மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "கோதுமையைப் புடைக்கக் குடுத்தாலும் இதே கதைதான்," என்று சொல்லிக்கொண்டே துடைத்தார்.

1976இல் 'கவேஷணி' கப்பல் வந்ததும் அதில் ஏறிவிட்டார். நம் நாட்டின் முதல் கடலாய்வுக் கப்பல் அது. 1981 ஜனவரி 26 அன்று கடலடியிலிருந்து உலோக முண்டுகளை முதன்முதலாக எடுத்தது அந்தக் கப்பல்தான். அந்தப் பயணத்தில் சார் இல்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்து, அதற்கு முந்தின துறைமுகத்தில் இறங்கிச் சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். "கருகின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆபீசுக்கு வந்தப்புறம் கையில் வாங்கிப் பாத்தேன். அம்மா அந்த ஜனவரியோட போயிட்டாங்க." நாற்பத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இதை எழுதலாமா சார் என்று கேட்டேன். எழுதும்மா என்றார்.

மே 14, புதன் – பறங்கிப்பேட்டை

பு.முட்லூர் தாண்டி வண்டி திரும்பியதுமே சேற்று வாசம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு நாற்றம். எனக்கு இருபத்திரண்டு வயது திரும்பின மாதிரி தொண்டை அடைத்துக்கொண்டது.

வெயில் பதினொரு மணிக்கே மண்டையைப் பிளந்தது. தர்கா தெருவில் ஒரு பாய் கடையில் எலுமிச்சை சர்பத், 20 ரூபாய். காசைக் கொடுத்தபோது, நிழலில் உட்கார்ந்து போங்க என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

இங்கே பார்க்க வேண்டியது 2003 பேட்ச் தங்கச்சியை. நாங்கள் அனுப்பிய படிவத்தில் அவள் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: இல்லத்தரசி. போனில் கேட்டபோதும், "நான் எழுத என்னக்கா இருக்கு, பெரிய பெரிய ஆளுங்களைப் பாருங்க," என்றுதான் சொன்னாள். சாப்பாடு போட்டாள். ஆற்றில் வீச்சு வலையில் பிடித்த மடவை, காலையில்தான் வாங்கியதாம், தடைக்காலத்தில் கிலோ 450 சொன்னார்களாம். அந்தக் குழம்புக்கு நான் மூன்று தடவை சோறு வாங்கினேன்.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரைக்குப் போனோம். பௌர்ணமி முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது, தண்ணீர் நன்றாக வடிந்து சேறு வெகுதூரம் வெளியே தெரிந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் ஆயிரக்கணக்கில் கையை ஆட்டிக்கொண்டிருந்தன, நாங்கள் காலை வைத்ததும் ஒரே நொடியில் எல்லாம் வளைக்குள். அவள் வீட்டிலிருந்து மாவு சல்லடையைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். சேலையை முழங்கால் வரை சொருகிக்கொண்டு இறங்கி, ஓர் இடத்தில் விரலால் காட்டினாள். சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, அதன் மேல் கிளிஞ்சல் துண்டும் புல்லின் வேரும் ஒட்டி, யாரோ உட்கார்ந்து பூவேலை செய்த மாதிரி. "புழுவோட வீடுக்கா. வெளியில கிடக்கறதைப் பொறுக்கி அதுவே ஒட்டிக்கும்." அப்புறம் ஒரு கை சேற்றை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆற்றுத் தண்ணீரில் அலசினாள். சேறு போய் நாலைந்து செந்நூல் மாதிரி நெளிந்தன. ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயர் சொன்னாள், தடுமாறாமல், வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். புழுக்களை எடுத்த இடத்திலேயே பத்திரமாகத் திரும்ப விட்டாள்.

அவளுடைய பிஎச்.டி. இந்தப் புழுக்களைப் பற்றித்தான். 2003இல் ஆரம்பித்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கும் பௌர்ணமி. கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள், அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஓரளவு தப்பின. இவள் இரண்டு வாரம் நிவாரண முகாமில் கஞ்சி ஊற்றிவிட்டு, மூன்றாவது வாரம் அதே ஐந்து இடங்களுக்குத் திரும்பப் போய் மண் எடுத்திருக்கிறாள். அலை வருவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்து மண், ஒரே கை எடுத்தது. மாதாமாதம் 2008 வரை எடுத்தாள். அப்புறம் கல்யாணம், கணவருக்கு மாற்றல், இரட்டைக் குழந்தைகள். ஆய்வேட்டைக் கடைசிவரை கொடுக்கவில்லை. இப்போது ஊருக்குத் திரும்பி வந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன், மாதம் 500 ரூபாய்.

கோபமோ அழுகையோ எதுவும் இல்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. ஐந்து வருடம் இடுப்பளவு சேற்றில் நின்ற ஒருத்தி தன்னைப் பற்றி ஒரு வார்த்தைக்கு மேல் எழுதக் கூசுகிறாள் என்றால் எங்கள் படிவத்தில்தான் கோளாறு. 'பதவி' என்று ஒரு கட்டம் போட்டால் அதில் இவளால் என்ன எழுத முடியும்? மரக்காணத்து அண்ணனுடைய பதிமூன்று வருடத்துக்கும் சிதம்பரத்து சாருடைய தந்திக்கும் அதில் கட்டம் இல்லை. இந்த மலரில் பதவியை எடுத்துவிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவுக்கு இன்று ராத்திரியே எழுதிவிட்டேன். நாளைக்குச் சண்டை வரும், வரட்டும்.

அவளிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று மறுபடியும் கேட்டேன். பார்க்கலாம்கா என்றாள்.

மே 15, வியாழன் – மணமேல்குடி, ராமநாதபுரம்

நாள் முழுக்கப் பேருந்து. நாகப்பட்டினத்தில் வண்டி மாறி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று கடலோரமாகவே இறங்கினேன். இந்த வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. மணமேல்குடிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சினிலிருந்து புகை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, எல்லாரும் இறங்கிக்கங்க, அடுத்த வண்டி வரும் என்றார். வந்தது இரண்டே கால் மணி நேரம் கழித்து.

நிழலுக்கு ஒரு பனைமரத்தடி, அங்கேயே நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று 20 ரூபாய். நான் ஆறு சாப்பிட்டேன், மதியச் சாப்பாடே அதுதான். பக்கத்தில் லுங்கி கட்டிய ஒரு பெரியவர், படகுக்காரர், தடைக்காலம் என்பதால் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்கே போறீங்க, எதுக்குப் போறீங்க என்று கேட்டார். கடலைப் பற்றிப் படித்தவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னதும், "எங்க ஊருக்கும் அப்படி ஒரு தம்பி வருவாரு, ஆவுளியா தம்பி," என்றார்.

ஆவுளியா என்றால் கடற்பசு. இந்தப் பாக் விரிகுடாவில்தான் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தார்கள், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் அது. நாட்டிலேயே முதல் கடற்பசுக் காப்பகம். பெரியவர் வலையில் ஒரு குட்டி மாட்டியதாம். முன்னேயெல்லாம் மாட்டினால் கறிதான், மறைப்பானேன் என்று அவரே சொன்னார். இந்தத் தடவை வலையை அறுத்து விட்டுவிட்டு அந்தத் தம்பிக்குப் போன் பண்ணியிருக்கிறார். "மூச்சு விட மேல வந்துச்சு. மனுஷன் பெருமூச்சு விடற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டப்புறம் எனக்குக் கறி இறங்காது."

தம்பி எங்கே படித்தாராம் என்று கேட்டேன். பறங்கிப்பேட்டை என்றார். என்னால் நம்பவே முடியவில்லை. அவரிடமே நம்பர் வாங்கிப் பேசினேன். 2012 பேட்ச், எங்கள் பட்டியலில் பெயரே இல்லை. ஒப்பந்த வேலைதான்கா, மார்ச்சோட முடிஞ்சிடுச்சு, அடுத்தது வர்ற வரைக்கும் சும்மாதான் போய்ப் போய்ப் பேசிட்டு வர்றேன், வேலை நிரந்தரமானதும் மலருக்கு எழுதறேன் என்றான். தம்பி, உன் பக்கத்தை ஒரு பெரியவர் எனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ராமநாதபுரம் வந்து சேர இரவு ஒன்பதரை. அறை 900 ரூபாய், கொசு.

மே 16, வெள்ளி – மண்டபம்

காலையில் லேசாக ஒரு மழை, பத்து நிமிடம்தான், அப்புறம் புழுக்கம் இரண்டு மடங்கு. பாம்பனில் போன மாதம் திறந்த புதுப் பாலத்தைப் பார்க்க ஒரே கூட்டம். நடுவில் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்கிற பாலம். நான் பார்த்தபோது தூக்கவில்லை.

84 பேட்ச் அக்கா கடல்பாசி விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். அனுப்பிய பக்கத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை 63 என்று இருந்தது. நேரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றியே பேசினார். முதல் வருடம் ஒரு பாசியையும் அடையாளம் தெரியாமல் தவித்தபோது, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தது அவர்களில் ஒரு அம்மாவாம். 'புத்தகத்துல படம்தான் இருக்கும், இதைத் தடவிப் பாரு' என்று சொன்னாராம். அந்த அம்மாவுடைய பேத்தி போன வருடம் கல்லூரியில் சேர்ந்ததற்குப் பணம் கட்டியது அக்கா. அதை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் பெயர் இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

மாலை ரயிலுக்காக நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது பறங்கிப்பேட்டையிலிருந்து செய்தி. 'அக்கா, நீங்க நோட்டுல அந்தக் குழாய்ப் புழுவை நீரிஸ்னு எழுதினதைப் பார்த்தேன். அது டயோபாட்ரா. திருத்திடுங்க.' கீழே அவள் மண் எடுத்த ஐந்து இடங்களின் பெயர். அதற்கும் கீழே ஒரு பழைய நோட்டுப் பக்கத்தின் படம், நீல மையில் நெருக்கி எழுதிய பட்டியல், முப்பத்தெட்டு புழுக்கள். சிலவற்றுக்கு முன்னால் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி. புள்ளி எதற்கு என்று கேட்டேன்.

'அலைக்கு அப்புறம் திரும்பி வந்ததுங்க,' என்று பதில் வந்தது. 'இதைப் போட இடம் இருக்குமாக்கா?'

இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டேன்.